நோயில்லாமல் வாழ்ந்தார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘நூறு வருடத்துக்கு முன் நம் கோயமுத்தூர் ஜில்லாவில் ராகிக் களியும் கம்பஞ்சோறும் சாப்பிட்டவர்கள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ்ந்தார்கள்’ என்று போன இதழில் வந்திருக்கிறது. அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். பழைய இறப்புப் பதிவேடுகளைக் கையால் புரட்டியிருக்கிறேன். தலையாரி வந்து சொல்வதை மணியகாரர் எழுதிக்கொள்வார், அவ்வளவுதான். காலரா, வைசூரி (பெரியம்மை), பிளேக் என்றால் பெயர் இருக்கும். மற்றபடி மலேரியா, டைபாய்டு, 1918-இல் வந்த விஷக் காய்ச்சல் எல்லாம் வெறும் ‘காய்ச்சல்’தான். ஒரு பக்கத்தில் ‘பெயர் வைக்காத பெண் குழந்தை, 9 நாள், காய்ச்சல்’ என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில் அந்தக் குழந்தையின் தாய்.

கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எப்படி வந்தன என்று உங்களுக்குத் தெரியாததா? எலி செத்து விழுந்தால் பிளேக் வரும் என்று பயந்து, வீட்டைப் பூட்டிவிட்டு காட்டில் குடிசை போட்டுக் கிடந்தார்கள். நல்ல குடிநீரான சிறுவாணித் தண்ணீர் நகரத்துக்கு வந்ததே 1920களின் கடைசியில்தான். 1911-க்கும் 1921-க்கும் நடுவில் இந்தியாவின் மக்கள்தொகையே குறைந்தது. அந்தக் காலத்தில் பிறந்தவர்களின் சராசரி ஆயுள் 25-ஐக்கூட எட்டவில்லை. பிஞ்சிலேயே போனவர்கள் அத்தனை பேர். என் பாட்டி பெற்றது எட்டு, தங்கியது மூன்று. அவரும் களி தின்றவர்தான்.

பொங்கல் மலரிலும் இதையேதான் எழுதினீர்கள். அப்போதே கடிதம் போட்டேன், வரவில்லை. இடம் இருந்திருக்காது, அது பரவாயில்லை. ஆனால் எங்கள் உறவில் ஒரு பெண் அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று வாதாடினாள். வீட்டுப் பெரியவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. அச்சில் வந்ததை ஜனங்கள் நம்புகிறார்கள் ஐயா. உங்கள் இதழை நாற்பது வருடமாக வாங்குகிற எனக்கு அதுதான் வருத்தம்.

நான் பார்த்த அந்தப் பதிவேடுகள் சாக்கில் கட்டி, கரையான் அரித்துக்கொண்டு கிடந்தன. அவற்றைக் காப்பாற்றச் சொல்லி வேலையில் இருந்தபோதும் கேட்டேன், ஓய்வு பெற்ற பிறகும் கேட்டேன். பலனில்லை. உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, இப்படிப்பட்ட பழைய பதிவேடுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு செய்தி போடுங்கள். அது முடியாவிட்டால், அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தமாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய்த்துறை ஊழியர்,
கோவை மாவட்டம்