இலையுதிர்காலத்து நகப்பூச்சு: ஸ்கார்பரோவிலிருந்து அக்காவுக்கு

ஸ்கார்பரோ, டொராண்டோ
அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் எல்லோரும் நலம். அங்கு உங்கள் நலத்தையும், அத்தான், பிள்ளைகள், அம்மா ஆகியோரின் நலத்தையும் அறிய ஆவல்.

தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் நம் பார்லருக்குப் புதிதாக என்ன நகப்பூச்சு நிறங்கள் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. ஆகவேதான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே இப்போது இலையுதிர்காலம். கோடையில் கடைகளின் முன்தட்டில் இருந்த பவளமும் வெளிர்நீலமும் விலை குறைக்கப்பட்டு ஓரத்துக்குப் போய்விட்டன. அவற்றின் இடத்தில் அரக்கு, செங்கல், துரு, கடுகு மஞ்சள், பாசிப்பச்சை, கத்தரிக்காய் நிறம் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கின்றன. வருஷந்தோறும் இந்தத் தட்டுகளுக்கு முன்னால் நிற்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: குளிர்நாட்டுப் பருவத்தை எண்ணிக் கலக்கப்பட்ட இந்த நிறங்கள், நம்மைப் போன்ற மாநிறக் கைகளிலும் கறுத்த கைகளிலும்தான் முழு எடுப்போடு இருக்கின்றன. 'கறுத்த கைக்கு அடர்ந்த நிறம் ஆகாது, வெளிர் ரோஸ்தான் சரி' என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்லிவருவதை நான் இப்போது சற்றும் ஒப்புக்கொள்வதில்லை.

இந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியிலேயே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா என்ற பெரிய காடு இருக்கிறது. அங்கே முதலில் சிவப்பது சுமாக் என்னும் புதர். அடுத்து சர்க்கரை மேப்பிள் மரங்கள் ஆரஞ்சும் சிவப்புமாக மாறும், பிர்ச் மஞ்சளாகும், கடைசியில் ஓக் மரங்கள் பழுப்பாகி, காய்ந்த இலைகளை உதிர்க்க மனமில்லாமல் நெடுநாள் வைத்திருக்கும். குளிர் நெருங்கும்போது இலையின் பச்சையம் சிதைந்துபோக, அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி மறைந்திருந்த நிறமன்று. அந்தச் சில வாரங்களில் இலை புதிதாக உண்டாக்கிக்கொள்ளும் நிறம். கீழே கிடக்கும் ஒரு மேப்பிள் இலையை எடுத்துப் பார்த்தால், நரம்போரத்தில் போகாத பச்சையும், நடுவில் மஞ்சளும், விளிம்பில் செங்கல் சிவப்பும் ஒன்றாக இருக்கும். செப்டம்பர் மாதத்துக்கென்று கம்பெனிகள் வெளியிடும் நிறங்களில் பாதிக்குமேல் அந்த ஓர் இலைக்குள்ளேயே அடங்கிவிடும்.

இந்தப் பருவத்தில் கைநகத்துக்கு மதிப்புக் கூடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கோடையில் எல்லோரும் செருப்பணிந்து நடப்பதால் கால்நகத்துக்குத்தான் கவனிப்பு. குளிர் தொடங்கியதும் கால் மூடிய காலணிக்குள்ளும், உடம்பு நீண்ட கோட்டுக்குள்ளும் போய்விடும். டிசம்பரில் கைகளும் உறைக்குள் போய்விடும். இடைப்பட்ட இந்த வாரங்களில் ஒரு பெண்ணிடம் வெளியே தெரிவது முகமும் கைகளும் மட்டுமே. காலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைப் பாருங்கள் என்றுதான் உங்களுக்குக் காட்ட ஆசை. சாம்பல் நிறக் கோட்டு, கறுப்புக் கோட்டு, அவற்றின் முனையில் பத்து நகங்களில் மட்டும் நிறம். உடையெல்லாம் இருண்டுபோகும் காலத்தில் இந்தச் சிறு இடம் பெண்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இங்கு வந்து பார்த்தால்தான் தெரிகிறது.

கறுப்பை ஒட்டிய சிவப்பை நாகரிகத்தின் உச்சியில் ஏற்றிவைத்தது, 1994-இல் பாரிஸின் ஷனேல் நிறுவனம் கொண்டுவந்த 'ரூஜ் நுவார்'. அமெரிக்காவில் அதே நிறம் 'வாம்ப்' என்ற பெயரில் விற்றது. 2005-இல் ஓ.பி.ஐ. நிறுவனம் தன் சிகாகோ வரிசையில் 'லிங்கன் பார்க் ஆஃப்டர் டார்க்' என்ற இருண்ட ஊதாவை வெளியிட்டது. இன்றும் இலையுதிர்காலம் வந்தால் கடைகளில் முன்னால் எடுத்துவைக்கப்படும் நிறங்களில் அது ஒன்று. தொழிலில் இருப்பவர் என்பதால் உங்களுக்கு இது பிடிக்கும்: ஓ.பி.ஐ. முதலில் பல் மருத்துவர்களுக்குப் பொருள் விற்றுவந்த சிறிய நிறுவனம். பல்செட் செய்வதற்கான அக்ரிலிக்கைச் செயற்கை நகம் பொருத்துபவர்களும் வாங்கிப்போவதைக் கவனித்துத்தான் அவர்கள் நகத் தொழிலுக்குள் வந்தார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அரக்குதான். இங்கே அதை ஒயின் நிறம் என்பார்கள்; நம் வீட்டுப் பீரோவில் இருக்கும் அரக்குப் பட்டுப்புடவையை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிட ஒரு பங்கு அதிகக் கறுப்பு. பாட்டிலில் பார்த்தால் கறுப்பாகவே தெரியும். முதல் பூச்சில் நாவற்பழம் தின்ற விரலைப் போலத் திட்டுத்திட்டாக இருக்கும்; அதைக் கண்டு பயந்து கெட்டியாகப் பூசிவிடக் கூடாது. முதல் பூச்சு நன்றாக உலர்ந்தபின் அதே அளவு மெல்லியதாக இரண்டாவது பூச வேண்டும். அப்போதுதான் நிறம் சீராகி, உள்ளே ஓர் ஆழம் வரும். இங்கே அக்டோபர் வெயில் தாழ்வாகச் சாய்ந்து மஞ்சளாக விழுகிறது. அந்த வெயிலில் விரலைத் திருப்பினால் கறுப்புக்குள்ளிருந்து சிவப்பு எழுந்து வருவதைக் கண்ணால் காணலாம். டியூப்லைட் அடியில் அது தெரியாது. ஆகையால் நம் பார்லரில் ஒருவருக்கு நிறம் காட்டும்போது, ஒரு நகத்தில் மட்டும் பூசி வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். வெளுத்த கைகளில் இந்த அரக்கு தனியே துருத்திக்கொண்டு நிற்கிறது. நம் கைகளில் தோலின் நிறத்தோடு இழைந்து, அதைவிட ஒரு படி மேலே ஒளிர்கிறது. நகம் மட்டும் குட்டையாக இருக்க வேண்டும். நீண்ட நகத்தில் இவ்வளவு அடர்ந்த நிறம் பாரமாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது செங்கல் நிறமும் அதன் தங்கையான துரு நிறமும். இவற்றுக்கும் கடுகு மஞ்சளுக்கும் நிறம் கொடுப்பவை பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகள். நம் ஊர்ச் செம்மண்ணைச் சிவப்பாக்குவதும், வாசற்கோலத்துக்குக் கரை கட்டும் காவியைச் சிவப்பாக்குவதும் அதே பொருள்தான். அதனால்தானோ என்னவோ, எந்த நிறக் கைக்கும் இவை அந்நியமாகத் தெரிவதில்லை. உங்கள் தீபாவளி வாடிக்கையாளர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஆடியில் மருதாணி இட்டுக்கொண்டவர்களுக்கு நகத்தில் ஏறிய சிவப்பு எளிதில் போகாது. நகம் வளர்ந்து வெட்டுப்பட்டால்தான் போகும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது என்பதால், ஐப்பசி வரும்போது நகத்தின் அடிப்பாதி வெறுமையாகவும் நுனிப்பாதி ஆரஞ்சாகவும் நிற்கும். அதன்மேல் வெளிர் ரோஸ் பூசினால் அந்தக் கோடு அப்படியே தெரிந்து, பூசியும் பூசாததுபோல் இருக்கும். செங்கல் நிறமோ செம்பு மினுக்கோ பூசினால் கோடு மறைவதோடு, அடியில் இருக்கும் மருதாணிச் சிவப்பும் நிறத்துக்குத் துணையாகிவிடும். செம்பு மினுக்கு பட்டுப்புடவைச் சரிகைக்கு அருகில் மிக அழகாக இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடுகு மஞ்சளைத் துணிந்தவர்களுக்கு மட்டும் காட்டுங்கள். கறுத்த கையில் அது பளிச்சென்று அற்புதமாக இருக்கும், ஆனால் மூன்று பூச்சு இல்லாமல் சீராகாது. பாசிப்பச்சை கல்லூரிப் பெண்களுக்கு. கத்தரிக்காய் நிறம் எல்லோருக்கும் பொருந்தும். இங்கே வெகுவாக விற்கிற காளான் நிறம், சாம்பல் கலந்த பழுப்பு ஆகியவற்றை வாங்கவே வாங்காதீர்கள். வெள்ளைத் தோலில் அவை அடக்கமாக இருக்கலாம். நம் கையில் சோகை பிடித்த நகம்போல் வெளிறிக் கிடக்கும்.

இங்குள்ள நகப் பார்லர்களில் வேலை செய்பவர்களில் வியட்நாமியப் பெண்கள் மிக அதிகம். 1975-இல் போர் முடிந்து அமெரிக்காவுக்கு அகதிகளாக வந்த பெண்களை, கலிஃபோர்னியாவின் சேக்ரமெண்டோ அருகே ஒரு முகாமில் நடிகை டிப்பி ஹெட்ரன் சந்தித்திருக்கிறார். அவருடைய நகங்களின் அழகை அந்தப் பெண்கள் வியந்து பார்க்க, அவர் தம் நக அலங்காரக் கலைஞரையே வரவழைத்து அவர்களில் 20 பேருக்குத் தொழில் கற்றுக்கொடுக்கச் செய்தாராம். அவர்களிடமிருந்து உறவினருக்கும் ஊராருக்கும் பரவிய கைத்தொழில் இன்று அந்தச் சமூகத்தின் பிழைப்பாகவே வளர்ந்து நிற்கிறது. என் விரலைப் பிடித்து முதன்முதலில் அரக்கு நிறத்தைத் தேர்ந்து கொடுத்ததும் அப்படிப்பட்ட ஒரு வியட்நாமிய அம்மாள்தான். நான் வெளிர் ரோஸை நீட்டியபோது, தலையை அசைத்து மறுத்துவிட்டு, என் கைக்கு அருகில் இரண்டு பாட்டில்களையும் வைத்துக் காட்டினார். அவர் கையும் மாநிறம்தான். நகத்தோலை ஒட்டி மயிரிழை இடைவெளி விட்டு, நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் ஒவ்வொரு கோடு என மூன்றே இழுப்பில் ஒரு நகத்தை முடித்துவிடுவார். கடைசியில் தூரிகையின் நுனியால் நகத்தின் விளிம்பையும் தடவி மூடுவார். அந்த விளிம்பை மூடாவிட்டால் அடர்ந்த நிறங்கள் பாத்திரம் தேய்த்த அன்றைக்கே நுனியில் உதிர்ந்து வெள்ளை காட்டிவிடும்.

அடர் நிறங்களுக்கு அடிப்பூச்சு கட்டாயம் வேண்டும். நிறமற்ற அந்தப் பூச்சில்லாமல் அரக்கைப் பூசினால், அழித்தபின் நகம் மஞ்சளாகக் கறைபடும். அழிக்கும்போதும் பஞ்சை நனைத்து நகத்தின்மேல் சிறிது நேரம் அழுத்தி வைத்திருந்து, பிறகு ஒரே இழுப்பாக நுனிப்பக்கம் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் சிவப்பு விரலெல்லாம் பரவும். பூச்சை அழிக்கும் திரவமான அசிட்டோன் நகத்தின் ஈரத்தையும் எண்ணெய்ப்பசையையும் எடுத்துவிடுகிறது. இங்கே ஹீட்டர் போட்ட வீட்டின் வறண்ட காற்றும் சேர்ந்துகொள்வதால் நகம் ஏடு ஏடாகப் பிளக்கிறது. இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறேன். அது இங்கே பாட்டிலுக்குள் வெண்ணெயாய் உறைந்துகிடக்கும். உள்ளங்கையில் வைத்துச் சூடுகாட்டினால்தான் இளகும். அங்கு உங்களுக்கு அந்தச் சிரமம் கிடையாது.

பாட்டில்களையே வாங்கி அனுப்பியிருப்பேன். நகப்பூச்சு எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் வெளிநாட்டு விமானத் தபாலில் அதை ஏற்பதில்லை. ஆகையால் ஒவ்வொரு நிறத்தையும் வெள்ளை அட்டையில் இரண்டு பூச்சாகப் பூசி, நன்றாக உலரவைத்து, பின்புறத்தில் நிறத்தின் பெயரை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மொத்தக் கடையில் அட்டையை நீட்டி இதற்கு நெருங்கிய நிறம் கொடுங்கள் என்று கேட்டால் போதும். அரக்கில் மட்டும் கூடுதலாக வாங்கிவையுங்கள்; முதலில் அம்மாவின் விரல்களில் பூசிப் பாருங்கள். இந்த வயதில் கியூடெக்ஸ் எதற்கு என்று கையை இழுத்துக்கொள்வார், விடாதீர்கள். வந்தவர்களில் யார் எந்த நிறத்தைக் கேட்டார்கள், எது தங்கிவிட்டது என்பதையெல்லாம் தீபாவளி முடிந்ததும் விவரமாக எழுதுங்கள். அடுத்த பருவத்துக்கு என்ன அனுப்புவது என்பதை அதை வைத்துத்தான் நான் முடிவு செய்ய வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை