தண்ணி என்னக்கா?

பினாங்கு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் எங்கள் மாடிக்காரர்களுக்கும், கீழே மாமாக் சாப்பாட்டுக் கடைத் தம்பிக்கும், அரசாங்கக் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிக்கும் டாக்டருக்கும்,

வணக்கம். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா பக்கவாதத்தில் படுத்து நான்கு வருடம். பகலில் பாயான் லெப்பாஸ் பேக்டரி, இரவில் அம்மா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அலாரம் வைத்து எழுவேன். இடுப்பு வலிக்குத் தைலம் இருந்தது. ஆனால் அம்மா சிரித்தாலும் அழுதாலும் எனக்குள் ஒன்றும் அசையாமல் போனதே, அதற்கு என்ன தடவுவது?

கடைத் தம்பி, உனக்கு நினைவிருக்காது. "தண்ணி என்னக்கா?" என்று, குடிக்க என்ன வேண்டுமெனக் கேட்டாய். அம்மாவுக்குச் சீனி குறைத்த கோப்பி, சிங்கப்பூரிலிருக்கும் என் தம்பிக்கு நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், தே தாரேக். எனக்கு? சத்தியமாகத் தெரியவில்லை. பேந்தப் பேந்த விழித்தேன். நீ பால் இல்லாத எலுமிச்சைத் தேநீர், ஒரு தே ஓ லிமாவைக் கொண்டுவந்து வைத்து, "குடிச்சுப் பாருங்க, பிடிக்கலன்னா மாத்தித் தர்றேன்" என்றாய். மாற்றவில்லை. இன்றைக்கும் அதுதான்.

இதை வேடிக்கையாகச் சொல்லப்போக, எதிர்வீட்டு அக்கா சிரிக்கவில்லை. மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துப் போனார். கட்டணம் 1 ரிங்கிட். மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு பற்றி 21 கேள்விகள் உள்ள தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். பாதியில் பேனாவை வைத்துவிட்டேன். மிஸ்ஸி பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்.

டாக்டருக்குத் தனி நன்றி. "மனசத் திடமா வச்சுக்கம்மா" என்று நீங்கள் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்த வசனம் அது. கடைசியாக நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியது எப்போது என்றுதான் கேட்டீர்கள். பிறகு கவுன்சலரிடம் அனுப்பினீர்கள். வேலையால் வரும் இந்த வறட்சிக்கு 'பர்ன் அவுட்' என்று பெயராம். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அதை வேலையிடத்துக்கு மட்டுமே உரியதாக வரையறுத்திருக்கிறது. அம்மாவைப் புரட்டிப் போடுவதற்குச் சம்பளச் சீட்டு இல்லையே, அந்தக் கணக்கில் நான் வரமாட்டேன் போலிருக்கிறது.

என் தம்பிக்கும் நன்றி. வர நான்கு வருடம் பிடித்தது. வந்தவன் பதினோரு நாள் இருந்தான். முதல் இரவு அலாரம் அடித்தபோது எனக்கு முன்னால் அவன் எழுந்தான். மற்றதை அவனிடம் பிறகு பேசிக்கொள்கிறேன்.

இப்போது சனிக்கிழமை மாலை அக்கா அம்மாவோடு இருக்கிறார். நான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறேன். 513 படி. பாதியிலேயே மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்துவிடுகிறேன். போன வாரம் அங்கே ஒரு குரங்கு யாருடைய வாழைப்பழத்தையோ பறித்துக்கொண்டு ஓடியது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். யாருடைய சிரிப்பென்று திரும்பிப் பார்த்தேன்.

அக்கா, உங்கள் ரசச் சட்டி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். வெறும் சட்டியாக இல்லை.

இரண்டு வீடு தள்ளியிருக்கும்,
உங்கள் தங்கச்சி