காப்பகச் செலவு யார் கணக்கில்?

கிருஷ்ணகிரி,
கார்த்திகை 2025, வெள்ளி இரவு.

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

போன வாரம் நீ போனில் கேட்டாயே, "எப்போடி மறுபடியும் வேலைக்குப் போகப் போற?" என்று. "பார்க்கலாம்" என்று மழுப்பிவிட்டேன். பாப்பா அரிசி டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள் என்று சொல்லி போனை வைத்தேன். கவிழ்த்தது உண்மைதான், ஆனால் அது சாக்கு. கேள்வி ஆறு நாளாகத் தொண்டையில் நிற்கிறது. போனில் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன். பாப்பா தூங்கிவிட்டாள். அவருக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். ஓசூரிலிருந்து கம்பெனி பஸ் வந்து சேர நடுராத்திரி ஆகும்.

பி.காம் படித்தவளுக்கு எல்லாமே பற்று வரவுதானா என்று சிரிப்பாய். சிரி. அவர் கைக்கு வருவது 31,500. வாடகை 7,000. பைக் தவணை ஒன்று. பிரசவத்துக்கு வாங்கிய கடனுக்கு மாதம் 4,200, இன்னும் பதினொரு மாதம் பாக்கி. அரசு ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ராத்திரி பயத்தில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கழுத்துச் செயின் அப்போதே அடகுக்குப் போனது. கல்யாணத்தின்போது, 2021-இல், பவுன் 36,000 பக்கம் இருந்தது நினைவிருக்கிறதா? இந்த அக்டோபரில் 90,000 தாண்டிவிட்டது. அடகில் இருக்கும் செயின் விலை ஏறுவதில் எனக்கு என்ன சந்தோஷம் சொல்? ஆனாலும் தினமும் செய்தியில் ரேட்டைப் பார்க்கிறேன், பைத்தியம் மாதிரி.

மாமனார் வீட்டிலிருந்து வருஷா வருஷம் கொஞ்சம் வரும். சந்தூர் பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா ரகம். ஜூஸுக்குப் போகும் காய் அது. மாங்கூழ் கம்பெனிக்காரர்கள் எடுத்தால்தான் காசு. இந்த வருஷம் எங்கே பார்த்தாலும் காய்ப்பு. கம்பெனிகளில் பழைய கூழ் சரக்கே தேங்கிக் கிடக்கிறதாம். கிலோ நாலு, அஞ்சு ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிக்கிற கூலி, டெம்போ வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் போனால் கைக்காசு போட்டு விற்ற கதைதான். கடைசி மூன்று வரிசை மரத்தில் பறிக்கவே இல்லை. கீழே விழுந்து ஈ மொய்த்தது. மாமனார் ஒரு வார்த்தை பேசாமல் தோப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த மாதத்திலிருந்து அவர் மாத்திரைச் செலவு எங்கள் பக்கம் வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. வரவு எழுதியிருந்த இடத்தில் பற்று எழுத வேண்டி வந்தது, அவ்வளவுதான்.

நல்ல செய்தியும் ஒன்று. செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. குறைத்தார்களே, டயப்பருக்கு 12 சதவீதம் 5 ஆனது. 799 போட்டிருந்த பாக்கெட் 749-க்கு வந்தது. பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். "பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டினா அதுக்கு எந்த வரியும் இல்லையே" என்றாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நான் முன்பு கணக்கு எழுதிய ஷோரூமிலேயே மறுபடி கூப்பிடுகிறார்கள். சம்பளம் 14,000. காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை. பாப்பாவுக்கு இரண்டரை வயது. அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்வார்கள், முட்டையும் போடுகிறார்கள், டீச்சரும் நல்ல மாதிரி. ஆனால் சாயங்காலம் வரை வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் வந்து சேரும் வரை பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே தனியார் காப்பகம், மாதம் 4,500. எனக்கு டவுன் பஸ் இலவசம். பாப்பாவைக் கொண்டுவிட ஆட்டோ 1,000. அவசரத்துக்குக் கடையில் மாவு வாங்குவது, டீ, அது இது என்று 500. மிச்சம் 8,000.

ஒரு நாள் ராத்திரி இந்தக் கணக்கை அவரிடம் காட்டினேன். நல்ல மனுஷர்தான், உனக்கே தெரியும். பார்த்துவிட்டுச் சொன்னார்: "எட்டாயிரத்துக்காகக் குழந்தையை அழவிட்டுட்டுப் போகணுமா?" எனக்கும் அது சரி என்றே பட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. காப்பகச் செலவை ஏன் என் சம்பளத்தில் கழித்தேன்? கழித்தது அவர் இல்லை, நான்! கல்லூரியில் பொதுச் செலவைப் பிரிப்பது பற்றி எத்தனை கணக்குப் போட்டிருப்போம். இரண்டு டிபார்ட்மெண்ட்டும் அனுபவிக்கும் செலவை ஒன்றின் தலையில் கட்டினால் முட்டை மார்க் போடுவார்களே. குழந்தை இரண்டு பேருக்கும்தானே? அவர் ஓசூர் போவதற்கும்தான் யாராவது குழந்தையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த யாரோ இதுவரை சம்பளமில்லாத நானாக இருந்ததால் அவர் கணக்கில் அப்படி ஒரு வரியே இல்லை. சம்பள விகிதத்தில் பிரித்துப் பார்த்தேன். 4,500-இல் என் பங்கு 1,385, அவர் பங்கு 3,115. மொத்தத் தொகை மாறவில்லை, வீட்டுக்கு வரும் காசும் மாறவில்லை. ஆனால் "எட்டாயிரத்துக்காகவா" என்ற கேள்வி அந்த நோட்டில் நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

மத்திய அரசு 2024-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று எடுத்தது. வீட்டுக்குள் சம்பளமில்லாமல் செய்யும் வேலைக்குப் பெண்கள் நாளுக்குச் சராசரி 289 நிமிடம் செலவிடுகிறார்களாம், ஆண்கள் 88. அந்த 88-உம் வீட்டு வேலை செய்யும் ஆண்களின் சராசரிதான், செய்யாதவர்கள் அதில் சேர்த்தி இல்லை. நான் பாத்திரத்துக்கு ஆள் வைத்தால் அந்தச் சம்பளம் நாட்டின் உற்பத்திக் கணக்கில் ஏறும். நானே தேய்த்தால் ஏறாது. பாத்திரம் என்னவோ ஒரே மாதிரிதான் பளபளக்கிறது.

போன ஞாயிறு பாலக்கோட்டிலிருந்து அம்மா வந்திருந்தாள். அவளுடைய குழு நோட்டைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு 1989-இல் முதலில் தொடங்கியதே நம் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் அதற்குள் இருந்தது, 2004-இல்தான் பிரித்தார்கள். அம்மா நான் பிறந்த பிறகு ஒரு குழுவில் சேர்ந்தாள். வாரம் அஞ்சு ரூபாய். அவர்கள் காசையே அவர்களுக்குள் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்குக் கொடுத்துக்கொள்வார்கள். வெளியே அப்போது அஞ்சு வட்டி, பத்து வட்டி. அம்மா கையெழுத்துப் போடக் கற்றதே அந்தத் தீர்மான நோட்டில்தான். இப்போது எங்கள் தெருவிலும் குழு இருக்கிறது, ஆனால் காசு வெளியிலிருந்து வருகிறது. காலை ஏழு மணிக்கு ஒரு பையன் டேப்லெட்டை வைத்துக்கொண்டு வாரத் தவணைக்கு வந்து நிற்கிறான். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது குழு இல்லடி, வரிசை" என்றாள்.

அவளிடம்தான் கேட்டேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது தக்காளி பறிக்கப் போவாயே, என்னை யார் பார்த்துக்கொண்டார்கள்?

"ஆயாதான். வாராவாரம் வெத்தலை பாக்குக்குக் காசு குடுத்துடணும், இல்லன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும்."

"அதை உன் கூலியிலிருந்தா கொடுத்தாய்?"

"என் கூலியில எதுக்கு? உங்கப்பாதான் குடுப்பாரு. நீ எனக்கு மட்டுமா பொறந்த?"

ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள்! நான் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்து நோட்டில் தப்பாக எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்கு மகளிர் உரிமைத்தொகை 1,000 வருகிறது. 2023 ஜூலையில் அதற்கு விண்ணப்பம் வாங்கும் முகாமை முதலமைச்சர் தருமபுரி மாவட்டத் தொப்பூரில்தான் தொடங்கிவைத்தார். அம்மா அப்போதே மனு போட்டாள். எனக்குக் கிடையாது, எங்கள் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. தன் ஆயிரத்தில் 500 ரூபாயைப் பாப்பாவின் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடு என்று மாதாமாதம் கொடுக்கிறாள். 8.2 சதவீதம் வட்டி. பதினைந்து வருஷம் கட்டி, தொடங்கி இருபத்தொரு வருஷம் முடிந்ததும் எடுக்கலாம். அப்போது நமக்கு ஐம்பது வயது ஆகியிருக்கும், நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

நேற்று புதுக் கணக்கை அவரிடம் காட்டினேன். நிறைய நேரம் பார்த்தார். "அப்போ என் பைக் தவணையும் பொதுச் செலவுதானே?" என்றார். வாரத்தில் ஐந்து நாள் அந்த பைக் கம்பெனி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் ஏறுகிறோம் என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. இன்னும் தீரவில்லை அந்தப் பஞ்சாயத்து. ஆனால் காலையில் எழுந்து, யாரும் சொல்லாமல், காப்பகத்துக்கு போன் போட்டு இடம் இருக்கிறதா என்று அவர்தான் கேட்டார். தை மாதம் முதல் எடுத்துக்கொள்வார்களாம். ஷோரூமிலும் பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பாப்பா அழுவாள், தெரியும். நானும் அழுவேன். நீ உன் பையனை முதல் நாள் விட்டுவிட்டு வந்தபோது என்ன செய்தாய், அதை மட்டும் எழுது. பொங்கலுக்கு வரும்போது அவனுக்குச் சின்னதாகிப்போன ஸ்வெட்டர் இருந்தால் எடுத்து வா. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

உன்,
கணக்குப்பிள்ளை