அப்பாவின் தலைமாட்டில் ஒட்டியிருந்த அட்டைக்கு

அன்புள்ள டொக்டருக்கும் தாதி மிஸ்ஸிமாருக்கும் எங்கள் லயத்து ஆட்களுக்கும்,

இதை எழுத இத்தனை வருடம் எடுத்ததற்கு முதலில் மன்னியுங்கள். 2021 ஓகஸ்ட் கடைசி, கொரோனாவால் நாடே முடங்கிக் கிடந்த நேரம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, வந்த அம்புலன்ஸில் அப்பாவை ஏற்றினோம். கம்பளியைச் சுற்றிவிட்டதுதான் நான் கடைசியாக அவரைத் தொட்டது.

அப்பாவுக்குத் தெரிந்தது கடைச் சிங்களம். மூச்சு வாங்கும்போது அதுவும் வராது. வாட்டில் இருந்த சிங்கள மிஸ்ஸி ஒருவர் கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதித் தலைமாட்டில் ஒட்டியிருந்தார். வலிக்குதா. தண்ணி வேணுமா. திரும்பிப் படுங்க. மகள் பேசுறாங்க. வீடியோ கோலில் அதை வாசித்துவிட்டு, அப்பாவிடம் பேச வந்ததையே மறந்துவிட்டேன்.

மோர்ஃபின் என்று டொக்டர் சொன்னபோது பயந்தேன். அனுப்பிவைக்கப் பார்க்கிறார்களோ என்று கேட்டும் விட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. சிறிய அளவுதான், உயிரைக் குறைக்க அல்ல, மூச்சுத் திணறலின் தவிப்பைத் தணிக்க என்று பொறுமையாக விளங்கப்படுத்தினீர்கள். மறுநாள் அப்பா ஒரு முழு வசனம் பேசினார்: “மாட்டுக்குப் புல்லு போட்டாச்சா?”

போட்டாச்சு. நாங்கள் தனிமைப்படுத்தலில் கிடக்க, அடுத்த காம்பராக்காரர்தான் புல் அறுத்துப் போட்டார். வாசலில் கஞ்சி வைத்துவிட்டுப் போனவர் யாரென்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நீங்கள் செய்ததற்கு வலிநிவாரணப் பராமரிப்பு என்று பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அது புற்றுநோய்க்காரருக்கு மட்டும் என்றிருந்தேன். எல்லா நாடுகளும் அதைச் சுகாதார சேவையோடு சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 2014இலேயே தீர்மானித்திருக்கிறது. பெருந்தொற்று போன்ற நெருக்கடிகளுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2018இல் கைநூலும் வெளியிட்டிருக்கிறது.

அதே மாதம் வேறோர் இடத்தில் இருந்த மாமாவுக்கு ஒட்சிசன் கிடைத்தது. ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அங்கிருந்தவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் நல்ல மிஸ்ஸி வாய்ப்பது அவரவர் அதிர்ஷ்டம் என்று விடலாமா? தேசிய சிகிச்சை வழிகாட்டலில் ஒட்சிசன் அளவுக்குப் பக்கத்திலேயே இந்தப் பராமரிப்பும் எழுதப்பட வேண்டும். டொக்டர், அப்படியொரு கூட்டத்துக்குப் போனால் அந்த அட்டையைப் பற்றிச் சொல்லுங்கள்.

மிஸ்ஸி, அதில் ஒரு சொல் குறைகிறது: கம்பளி. எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தான்.