ஊசிக் காய்ச்சலுக்கு எந்தப் புட்டி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைத் தடுப்பூசிகளின் பக்கவிளைவு பற்றிய உங்கள் கட்டுரை, ‘காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் கொடுக்கலாம்’ என்று ஒரே வரியில் நிறுத்திக்கொண்டது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வீடுகளில், தடுப்பூசி போடும் புதன்கிழமை ராத்திரி தடுமாறுவது அந்த வரியில்தான்.

ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் இடது தொடையில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியில், கொல்லப்பட்ட கக்குவான் இருமல் கிருமி முழுசாகவே இருக்கிறது. காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். அன்று சாயங்காலமோ ராத்திரியோ ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும்.

பாரசிட்டமால் அளவு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி. ஐந்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 60 மி.கி. போதும். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 2.5 மி.லி.; 250 மி.கி. சிரப் என்றால் அதில் பாதி. பில்லருடன் (சொட்டு விடும் குழாய்) வரும் சின்னப் புட்டி டிராப்ஸிலோ பெரும்பாலும் ஒவ்வொரு மி.லி.யிலும் 100 மி.கி. இருக்கிறது, 0.6 மி.லி. போதும். ‘ரெண்டரை எம்எல் கொடுங்க’ என்று யாரோ சிரப்பை நினைத்துச் சொன்னதை இந்தப் புட்டியிலிருந்து ஊற்றினால் 250 மி.கி., அதாவது நான்கு மடங்கு. இது திரும்பத் திரும்ப நடந்தால் ஈரல் கெடும். வீட்டு ஸ்பூனை நம்பவே கூடாது. ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். மருந்துக்கடைக்காரர் வேறு புட்டி கொடுத்தால் அளவையும் மாற்றிக் கேளுங்கள். ஒன்றரை மாதக் குழந்தைக்கு எடை பார்த்துச் செவிலியரே அளவைத் தடுப்பூசி அட்டையில் எழுதித் தருவது நல்லது.

ஷீட் கூரை வீட்டில் காய்ச்சல் குழந்தைக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டால் சூடு இன்னும் ஏறும். பருத்திச் சட்டை, அடிக்கடி தாய்ப்பால், தொடை வீக்கத்தில் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணி, இவ்வளவே போதும். மஞ்சள் பத்து, எண்ணெய், வெந்நீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம். வலியில்லாத கல் போன்ற கட்டி சில வாரம் இருந்து தானே கரையும். சிவந்து, சுட்டு, பெரிதாகிக்கொண்டே போனால் காட்ட வேண்டும்.

இன்னொரு குழப்பம். பிறந்ததும் இடது புஜத்தில் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி, ஒன்றரை மாத ஊசி சமயத்தில்தான் கொப்புளமாகிச் சீழ் வைக்கும். ‘புது ஊசி புண்ணாகிவிட்டது’ என்று வீட்டில் சண்டையே வரும்! அதைப் பிதுக்காமல், மருந்து தடவாமல் விட்டால் தழும்பாகி ஆறிவிடும்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத வீறிடல், வலிப்பு, துவண்டு வெளிறிப்போதல், முகம் உதடு வீங்கி மூச்சு முட்டுதல், இவற்றில் எது வந்தாலும் உடனே 108தான். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே தெரியும். அரை மணி நேரம் உட்காரச் சொல்வது அதற்காகத்தான், டோக்கன் கூட்டத்தைச் சமாளிக்க அல்ல.

இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டால் ஊசிமேல் பழி போட்டுக் காத்திருக்க வேண்டாம். வேறு காரணம் இருக்கலாம். டாக்டரிடம் போகும்போது அட்டையோடு, கொடுத்த மருந்துப் புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.

– ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.