மாலை போடுமுன் முகவரியைப் பாருங்கள்: டெக்சஸ் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெக்சஸ் மாநிலத்துத் தமிழ்ச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம்மவர் ஒருவர் மாநிலச் சட்டமன்றத்துக்கோ கவுண்ட்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) கமிஷனர் பதவிக்கோ நிற்கப் போகிறார் என்று காதில் விழுந்ததும் நாம் தேடுவது மண்டபம், மைக், நன்கொடை தரக்கூடியவர்களின் பட்டியல். அவர் நிற்கத் தகுதியுள்ளவர்தானா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதையும் நாம் கேட்பதற்குள் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டுவிடுவார். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இன்றைய சட்டப்படி, 2028 பிரைமரிக்கு, அதாவது கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு, வேட்புமனு தர கடைசி நாள் 2027 டிசம்பர் 13, திங்கட்கிழமை, மாலை 6 மணி. ஆனால் ஒருவர் தகுதி பெறுகிறாரா இல்லையா என்பது அதற்குப் பல மாதம் முன்பே முடிவாகிவிடும். காரணம், இங்கே தகுதி என்பது பெரும்பாலும் முகவரியும் தேதியும்தான்.

ஊர்ப் பழக்கம் நம்மைத் தடுமாற வைக்கும் இடமும் இதுதான். தமிழ்நாட்டில் மாநிலத்தின் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் வேறெந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் நிற்கலாம். சென்னைக்காரர் திருநெல்வேலியில் மனு கொடுத்தால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. அமெரிக்க காங்கிரஸின் கீழவைக்கு நிற்பதும் ஏறக்குறைய அப்படித்தான். 25 வயது, 7 ஆண்டு குடியுரிமை, தேர்தல் நாளில் அந்த மாநிலத்தில் குடியிருப்பு, அவ்வளவே. தொகுதிக்குள் வீடு இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு கேட்கவில்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மாநில, கவுண்ட்டிப் பதவிகளுக்கு வருபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

டெக்சஸ் தேர்தல் சட்டத்தின் பொது விதி இது. அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். பதவிக்காலம் தொடங்கும் நாளில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்று, மன்னிப்போ அந்தத் தடையிலிருந்து விடுதலையோ பெறாதவராக இருக்கக் கூடாது. மனநலக் காரணத்தால் நீதிமன்றம் தகுதியிழப்புச் செய்திருக்கக் கூடாது. மனுவின் கடைசி நாளுக்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து மாநிலத்திலும், 6 மாதம் தொடர்ந்து அந்தப் பதவிக்குரிய எல்லைக்குள்ளும் குடியிருந்திருக்க வேண்டும். அதே நாளில் அந்த எல்லைக்குள் பதிவான வாக்காளராகவும் இருக்க வேண்டும்.

கடைசி வரியில்தான் கண்ணி இருக்கிறது. வாக்காளர் பதிவு விண்ணப்பித்த அன்றே செல்லுபடியாகாது, 30ஆம் நாளில்தான் ஆகும். ஆக, 2028இல் கமிஷனராக நிற்க விரும்புபவர் 2027 ஜூன் 13க்கு முன்பே அந்த பிரீசிங்க்ட்டுக்குள் (கவுண்ட்டிக்குள் கமிஷனருக்கான தொகுதி) குடிவந்திருக்க வேண்டும். வாக்காளர் அட்டையில் புது முகவரி அக்டோபருக்குள் மாறியிருந்தால் நல்லது, நவம்பர் நடுவில் மாற்றினால் காலம் கடந்துவிட்டது. கவுண்ட்டிக்குள்தானே மாறினோம், தெரு மட்டும்தானே வேறு என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. கமிஷனர் பிரீசிங்க்ட் எல்லை ஒரு சாலையின் நடுவில் ஓடும். எதிர்ச்சாரி வீடு வேறு பிரீசிங்க்ட்.

சட்டமன்றத்துக்குக் கணக்கு வேறு. அரசியலமைப்பே அதை வகுத்திருக்கிறது, அங்கே எண்ணுவது பொதுத்தேர்தல் நாளிலிருந்து. கீழவைக்கு 21 வயது, மாநிலத்தில் 2 ஆண்டு, தொகுதியில் கடைசி ஓராண்டு. செனட்டுக்கு 26 வயது, மாநிலத்தில் 5 ஆண்டு, தொகுதியில் கடைசி ஓராண்டு. கவர்னர் பதவிக்கு 30 வயதும் 5 ஆண்டுக் குடியிருப்பும் வேண்டும். 2028 தேர்தல் நவம்பர் 7. கலிஃபோர்னியாவிலிருந்து 2024இல் ஆஸ்டினுக்கு வந்தவர் எவ்வளவு பெரிய பேச்சாளராக இருந்தாலும் 2028இல் மாநில செனட்டுக்கு நிற்க முடியாது. கீழவைக்கு நிற்கலாம்.

சரி, குடியிருப்பை எப்படி நிரூபிப்பது? சட்டம் சொல்வது, நிலையான வீடு, எங்கே போனாலும் திரும்பி வரும் எண்ணமுள்ள இடம். எண்ணம் மட்டும் போதாது, உடலும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1964இலேயே சொல்லியாயிற்று. நடைமுறையில் ஒருவரைப் பட்டியலிலிருந்து எடுக்க, அவருடைய மனுவோ பொது ஆவணமோ தகுதியின்மையை ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும். ஆகவே எதிர்த்தரப்பு முதலில் போகும் இடம் கவுண்ட்டி அப்ரெய்சல் (சொத்து மதிப்பீட்டு) அலுவலகத்தின் இணையதளம். பள்ளிக்கூடத்துக்காகப் புது வீட்டுக்கு மாறி, பழைய வீட்டை வாடகைக்கு விட்டு, அதன் ஹோம்ஸ்டெட் வரிச்சலுகையை ரத்து செய்ய மறந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்தச் சலுகை ‘இதுவே என் முதன்மைக் குடியிருப்பு’ என்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்ததன் பேரில் கிடைத்தது. ஓட்டுநர் உரிமம், கார் பதிவு, கடைசியாக எங்கே வாக்களித்தார் என்ற பதிவேடு ஆகியவற்றையும் இதோடு சேர்த்துக்கொள்வார்கள்.

இது வெறும் பூச்சாண்டி அல்ல. 2022இல் ஓரிகன் கவர்னர் பதவிக்கு நியூயார்க் டைம்ஸ் பத்தியாளராக இருந்த நிக்கலஸ் கிறிஸ்டாஃப் மனு கொடுத்தார். வளர்ந்த ஊர் ஓரிகன், அங்கே பண்ணை நிலம் சொந்தம், 20 லட்சம் டாலருக்கு மேல் நிதியும் சேர்ந்திருந்தது. அம்மாநில விதி 3 ஆண்டுக் குடியிருப்பு. அவரோ 2020 நவம்பரில் நியூயார்க்கில் வாக்களித்திருந்தார். ஜனவரியில் மாநிலச் செயலர் மனுவைத் தள்ளினார், பிப்ரவரி 17 அன்று ஓரிகன் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சேர்ந்த பணத்தால் ஒரு வாக்குச்சீட்டில்கூடப் பெயர் வரவில்லை.

அறிவும் படிப்பும் எங்கே கேட்கப்படுகின்றன என்பது இன்னும் விசித்திரம். கவுண்ட்டி ஜட்ஜ் என்ற பெயரைக் கேட்டு வக்கீல் மட்டும்தான் நிற்கலாம் என்று நம்மவர் ஒதுங்கிவிடுகிறார்கள். டெக்சஸின் 254 கவுண்ட்டிகளிலும் அந்தப் பதவிக்கு அரசியலமைப்பு கேட்பது ‘மாநிலச் சட்டத்தை நன்கு அறிந்தவர்’ என்பது மட்டுமே. சட்டப் பட்டம் வேண்டாம். பெரிய கவுண்ட்டிகளில் அவருடைய வேலை பெரும்பாலும் வரவுசெலவுத் திட்டம், சாலை, வெள்ளம், புயல்தான். கவுண்ட்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் மன்றத்தில் அவருக்கும் ஐந்தில் ஒரு வாக்கு. ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் பதவிக்கும் சட்டப் பட்டம் தேவையில்லை. 20,000 டாலர் வரையிலான சிவில் வழக்கையும் வாடகை வீட்டை விட்டு வெளியேற்றும் வழக்கையும் அவர்தான் விசாரிக்கிறார். முதல் ஆண்டில் 80 மணி நேரமும் பிறகு ஆண்டுக்கு 20 மணி நேரமும் பயிற்சி கட்டாயம். கணக்கியல் தெரிந்தவர்களுக்குக் கவுண்ட்டி டிரஷரர் பதவி இருக்கிறது, அதற்கும் முன்னதாக எந்த உரிமமும் தேவையில்லை.

மறுபக்கம், மாவட்ட நீதிபதிக்கு 2021இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் டெக்சஸில் 8 ஆண்டு வக்கீலாகவோ நீதிபதியாகவோ பணிபுரிந்திருக்க வேண்டும். முன்பு 4 ஆண்டாக இருந்தது. கவுண்ட்டி சர்வேயருக்கு நில அளவை உரிமம் வேண்டும். கவுண்ட்டிக் காவல் தலைவரான ஷெரிஃப் பதவிக்கு, வென்ற பின் காவல் பணி உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்த வழியை 2023ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் அடைத்துவிட்டது. இப்போது முன்னனுபவம் கேட்கிறார்கள். கவர்னருக்கு எந்தப் படிப்பும் வேண்டாம், நிலம் அளப்பவருக்கு உரிமம் வேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் பிள்ளைகளுக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதை இந்தப் பட்டியல்தான் சொல்லும்.

குடியுரிமை பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. பிறப்பால் குடியுரிமை பெற்றவர் என்ற நிபந்தனை குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் பதவிகளுக்கு மட்டும்தான். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2000இல் குடியுரிமை பெற்று, 2014இல் வாஷிங்டன் மாநில செனட்டுக்குத் தேர்வானார். டெக்சஸ், கவர்னருக்குக்கூட எத்தனை ஆண்டாகக் குடிமகன் என்று கேட்பதில்லை. நியூ ஜெர்சி கேட்கிறது: கவர்னராக 20 ஆண்டுக் குடியுரிமை. எனவே வேறு மாநிலத்து உறவினர் சொன்ன விதியை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

பெயர் விஷயத்தில் நமக்கென்றே ஒரு தனிச் சிக்கல். அப்பா பெயரை இனிஷியலாக வைத்த பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விசாவில் முதற்பெயர் இல்லை என்று ‘எஃப்.என்.யு.’, குடியுரிமைச் சான்றிதழில் இரண்டும் இடம் மாறி, வாக்காளர் அட்டையில் நான்காவது வடிவம். மனுவில் எழுதும் பெயரும் பதிவேட்டுப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அலுவலகம் ஆளைத் தேடிக் கண்டுபிடிக்காது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதே பெயரைச் சீராக்கிக்கொள்ள வழி உண்டு. அதைத் தவறவிட்டவர் நீதிமன்றம் போக வேண்டும். வாக்குச்சீட்டில் செல்லப்பெயரும் சேர்க்கலாம், ஆனால் ஒரே சொல்லாக, ஆங்கிலத்தில் 10 எழுத்துக்கு மிகாமல், குறைந்தது 3 ஆண்டாக ஊரறிந்த பெயராக இருக்க வேண்டும். மீனாட்சிசுந்தரம் என்பவர் ‘சுந்தர்’ என்று நிற்க விரும்பினால், இன்றே எல்லோரும் அவரை அப்படி அழைக்கத் தொடங்குவது உத்தமம்.

மனுவை நோட்டரி முன் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். கவுண்ட்டிப் பதவிக்குக் கட்சியின் கவுண்ட்டித் தலைவரிடமும், பல கவுண்ட்டிகளில் பரவிய தொகுதிக்கு மாநிலத் தலைவரிடமும் தர வேண்டும். கட்டணம் கீழவைக்கு 750 டாலர், மாநில செனட்டுக்கு 1,250. கமிஷனர், கவுண்ட்டி ஜட்ஜ் பதவிகளுக்கு 2 லட்சம் பேரோ அதற்கு மேலோ வாழும் கவுண்ட்டி என்றால் 1,250, சிறியது என்றால் 750. மனு வாங்குவது கடைசி நாளுக்கு 30 நாள் முன்பே தொடங்கிவிடும். முதல் வாரத்திலேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள். மனு கைக்கு வந்த 5 வேலை நாளுக்குள் பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. பிரீசிங்க்ட் எண் விட்டுப்போயிருந்தால் திருத்திப் புது மனு கொடுக்க அப்போது அவகாசம் இருக்கும். நல்ல நேரம் பார்த்து டிசம்பர் 13 மாலை 5 மணிக்குப் போனால், அதே சிறு பிழைக்காக மனு தள்ளுபடியாகும்.

இனி உங்கள் மேடை. ஏற்கெனவே கவுண்ட்டிப் பதவியில் இருப்பவர், அல்லது 2 ஆண்டுக்கு மேற்பட்ட பதவிக்காலம் கொண்ட நகர மன்ற உறுப்பினர், தம் பதவிக்காலத்தில் ஓராண்டு 30 நாளுக்கு மேல் மிச்சமிருக்கும்போது வேறு பதவிக்கு நிற்கப் போவதாக அறிவித்தால், அந்த அறிவிப்பே ராஜினாமாவாகிவிடும். பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்தி, ‘அண்ணன் அடுத்து சட்டமன்றத்துக்கு நிற்கிறார், அப்படித்தானே அண்ணா?’ என்று மைக்கை நீட்டாதீர்கள். அவர் ‘ஆமாம்’ என்றால் கையிலிருக்கும் பதவி போய்விடும். நாசாவிலோ ராணுவத்தினர் மருத்துவமனையிலோ மத்திய அரசு ஊழியராக இருப்பவர் கட்சி சார்ந்த தேர்தலில் நிற்கவே முடியாது. டெக்சஸில் கவுண்ட்டிப் பதவிகள் எல்லாம் கட்சி சார்ந்தவை. ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியருக்கு இந்தத் தடை இல்லை.

பெரும்பாலான சங்கங்கள் 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பிரிவில் வரும் அமைப்புகள். வரிவிலக்கு வேண்டுமானால் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. பதிவுபெற்ற லாபநோக்கற்ற நிறுவனம் வேட்பாளருக்குப் பணம் தருவதையும் டெக்சஸ் சட்டம் தடுக்கிறது. மண்டபத்தை இலவசமாக விடுவதும் பணம் தருவதற்குச் சமம். ஒரே பதவிக்கு நிற்கும் எல்லோரையும் சமமாக அழைத்துக் கேள்விநேரம் நடத்தலாம், வாக்காளர் பதிவு முகாம் வைக்கலாம், தகுதி விதிகளைப் பற்றி வகுப்பு எடுக்கலாம்.

நாங்கள் கேட்பது அந்த வகுப்பைத்தான். 2027 ஏப்ரலுக்குள் ஒரு மாலை ஒதுக்குங்கள், பொதுவாக எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். வருபவர்கள் குடியுரிமைச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், வீட்டு வரி ரசீது நான்கையும் எடுத்துவந்து, பெயரும் முகவரியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கட்டும். அந்த மாலையில் கிரீன் கார்டுதாரர்களும் எச்-1பி விசாவில் இருப்பவர்களும் வருவார்கள். அவர்களிடம் இரண்டைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கிரீன் கார்டுதாரர் தேர்தல் நிதி தரலாம், ஆனால் உரிமம் புதுப்பிக்கும் கவுண்ட்டரில் கேட்டார்கள் என்று வாக்காளராகப் பதிந்துவிட்டால் நாடு கடத்தும் வரை போகலாம். எச்-1பி, எல்-1 விசாக்காரர்கள் கமிஷனர் தேர்தலுக்கு 5 டாலர்கூடத் தரக் கூடாது. சம்பளம் வாங்காமல் துண்டறிக்கை விநியோகிக்கத் தடை இல்லை.

இப்படிக்கு,
தேர்தல் மனு வேலைகளில் உதவிவரும் டெக்சஸ் தமிழர்கள் சிலர்