நாலு பேப்பர்ல நாலு பேரு, நடுவுல எட்டு லட்சம் பாட்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, ரிட்டயர் ஆனவங்க தாய்லாந்துல போய் நிம்மதியா இருக்கலாம்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, கூடவே பெருசா ஒரு பீச் போட்டோ வேற. 50 வயசு ஆகியிருக்கணும், அந்த ஊர் பேங்க்ல 8 லட்சம் பாட் (பாட்ங்கறது அந்த ஊர் காசு) போட்டு வைக்கணும் இல்லைன்னா மாசம் 65,000 பாட் வருமானம் காட்டணும், அவ்வளவுதான்னு முடிச்சிட்டீங்க. தப்பா ஒண்ணும் எழுதலை. ஆனா அந்த அவ்வளவுதான்க்குள்ள நானும் என் வீட்டம்மாவும் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை, அதான் எழுதறேன். நான் மத்திய அரசு வேலையில இருந்து 2016ல ரிட்டயர் ஆனவன், வீடு நங்கநல்லூர், 2024 ஆரம்பத்துல அங்க ஒரு கடலோர ஊருக்குப் போனோம், இப்ப வீட்டம்மாவுக்கு கண்ணுல கேட்டராக்ட் ஆபரேஷன், அதுக்காக ரெண்டு மாசமா சென்னையில இருக்கோம்.

முதல்ல ஒண்ணு. எல்லாரும் ரிட்டயர்மென்ட் விசா ரிட்டயர்மென்ட் விசான்னு சொல்றாங்களே, வருஷா வருஷம் நாம வாங்கறது விசாவே இல்லை. விசா ஒரு தடவை, ‘நான்-இமிகிரன்ட் ஓ’ (Non-Immigrant O)ன்னு 90 நாளைக்கு. அந்த 90 நாள் முடியறதுக்குள்ள டிஎம்.7னு ஒரு ஃபார்ம் குடுத்து 1,900 பாட் கட்டி ஒரு வருஷம் தங்கறதுக்கு எக்ஸ்டென்ஷன் வாங்கணும், அதுக்கப்புறம் வருஷா வருஷம் அதே ஃபார்ம் அதே 1,900. கேக்க சுலபமாத்தான் இருக்கு. ஆனா அந்த 8 லட்சம் பாட் அப்ளிகேஷன் குடுக்கற நாளுக்கு முன்னாடியே ரெண்டு மாசம் நம்ம பேர்ல உள்ள தாய் அக்கவுன்ட்ல உக்காந்திருக்கணும். அப்ப 90 நாள்ல 60 நாள் போச்சா, மீதி 30 நாளுக்குள்ள வீடு பாத்து, அட்ரஸுக்கு பேப்பர் வாங்கி, அக்கவுன்ட் திறந்து, இந்தியாவுலேர்ந்து பணம் வந்து சேரணும். கல்யாண மண்டபம் புக் பண்ணிட்டு பொண்ணு தேடற மாதிரிதான்.

பணம் அனுப்பற கதையைக் கேளுங்க. 8 லட்சம் பாட்னா அன்னிக்கு ரேட்டுல கிட்டத்தட்ட பதினெட்டே முக்கால் லட்சம் ரூபா. 2023 அக்டோபர்லேர்ந்து வருஷத்துக்கு 7 லட்சத்துக்கு மேல வெளிநாட்டுக்கு அனுப்பினா மேல உள்ள தொகைக்கு 20 பர்சென்ட் டிசிஎஸ்னு, அதாவது வருமான வரிக் கணக்குல முன்கூட்டியே, பேங்க்லயே பிடிச்சிடுவாங்க (2025 ஏப்ரல்லேர்ந்து அந்த லிமிட் 10 லட்சம் ஆயிருக்கு, எனக்கு அந்த கொடுப்பினை இல்லை). அப்ப எனக்குப் பிடிச்சது ரெண்டே கால் லட்சத்துக்கும் மேல. ரிட்டர்ன் ஃபைல் பண்ணா திரும்ப வரும், வந்துச்சு, இல்லைன்னு சொல்லலை, ஆனா அது வர்ற வரைக்கும் அந்தக் காசை எங்கேர்ந்து புரட்டறதுன்னு யாரும் முன்னாடியே சொல்லலை. கணக்குப் போட்டு எடுத்து வச்ச பணத்துல பள்ளம் விழுந்து, வீட்டம்மா நகை லாக்கர் வரைக்கும் பேச்சு போச்சு.

சரி, பணத்தைப் புரட்டி, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப பேங்க்ல கேக்கற ஏ2 ஃபார்ம் எல்லாம் எழுதிக் குடுத்து அனுப்பியாச்சு. போய்ச் சேரலை. ஏன்னு கேட்டா, பேர் ஒத்துப் போகலையாம்! இங்க பேங்க் பாஸ்புக்ல என் பேருக்கு முன்னாடி ரெண்டு இனிஷியல், ஊரு ஒண்ணு அப்பா ஒண்ணு. பான் கார்டுல அப்பா பேரை விரிச்சு முன்னாடி போட்டிருக்கு. ஆதார்ல ஒரு இனிஷியல், அதுவும் பேருக்குப் பின்னாடி. பாஸ்போர்ட்ல என் பேர் கிவன் நேம், அப்பா பேர் சர்நேம். தாய் பேங்க்ல பாஸ்போர்ட்டைப் பாத்துதான் அக்கவுன்ட் திறப்பாங்க. இப்ப அனுப்பினவன் ஒருத்தன், வாங்கறவன் வேற ஒருத்தன்னு அவங்க நினைச்சா அவங்க மேல என்ன தப்பு சொல்லுங்க. இந்த ரெண்டு ஆளும் ஒரே ஆள்தான்னு நங்கநல்லூர்ல நோட்டரி கிட்ட என் தம்பி அலைஞ்சு, இங்க பேங்க்ல லெட்டர் வாங்கி ஸ்கேன் பண்ணி அனுப்பி, பணம் அக்கவுன்ட்ல ஏற 11 நாள் ஆச்சு. மேல சொன்ன 30 நாள்ல இது 11 நாள். எனக்கு பிபி மாத்திரை டோஸ் ஏத்தினது அப்பதான்.

இதைவிட பெரிய கூத்து என் வீட்டம்மா விஷயம். பொண்டாட்டிக்கு தனியா இன்னொரு 8 லட்சம் பாட் வேண்டாம், புருஷன் எக்ஸ்டென்ஷன்ல டிபென்டன்ட்டா சேத்துக்கலாம், அது நல்ல வசதி. ஆனா பொண்டாட்டிதான்னு நிரூபிக்கணும். அங்க இமிகிரேஷன் கவுன்டர்ல இருந்த அம்மா ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாங்க, உங்க சர்நேம் ஒண்ணு, இவங்க சர்நேம் ஒண்ணு, ஒரே குடும்பம்னா எப்படி ரெண்டு சர்நேம்னு. என் சர்நேம் எங்க அப்பா பேர். அவ சர்நேம் என் பேர். நம்ம ஊர்ல இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை மொபைல் ட்ரான்ஸ்லேட்டர்ல அடிச்சு தாய் மொழியில காட்டினா அவங்க முகம் போன போக்கைப் பாக்கணுமே, இவருக்கு அப்பா யாரு இந்தம்மாவுக்கு அப்பா யாருன்னு குழம்பிப் போய், அதெல்லாம் வேண்டாம் மேரேஜ் சர்டிஃபிகேட் குடுங்கன்னுட்டாங்க.

எங்க கல்யாணம் 1983ல, ருத்ரோத்காரி வருஷம் ஆவணி மாசம், மாமனார் வீட்டு வாசல்ல பந்தல் போட்டு நடந்துச்சு. அப்ப யாருங்க ரிஜிஸ்டர் பண்ணா? தமிழ்நாட்டுல எல்லா கல்யாணத்தையும் கட்டாயமா பதியணும்னு சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2009 நவம்பர்லதான். எங்க வயசுல உள்ள பாதிப் பேர் கிட்ட இந்த சர்டிஃபிகேட்டே இருக்காது, இருக்கறது பத்திரிகையும் ஆல்பமும்தான். நாங்க கிளம்பறதுக்கு முன்னாடியே விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னதால பதிவு பண்ணப் போனோம். பத்திரிகையை எடுத்தா அதுல வீட்டம்மா பேர் வீட்டுல கூப்பிடற பேர்! சௌபாக்கியவதின்னு போட்டு செல்லப் பேரை அச்சடிச்சிருக்கார் என் மாமனார். ஸ்கூல் சர்டிஃபிகேட்ல இருக்கற பேர் வேற. தாலி கட்டி வச்ச சாஸ்திரிகள் காலமாகி இருபது வருஷம் இருக்கும். சாட்சிக்கு என் மச்சினரும் எழுபத்தெட்டு வயசு பெரியப்பா பையனும் வந்து உக்காந்து, அங்க ஒரு எழுத்தர் இந்தப் பேர் வேற அந்தப் பேர் வேற, முதல்ல கெஜட்ல பேர் மாத்திட்டு வாங்கன்னு ஒரு வாரம் அலைய விட்டு, அப்புறம் இன்னொருத்தர் அஃபிடவிட் போதும்னு அஞ்சு நிமிஷத்துல முடிச்சார். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல எதிர் எதிர் மேஜை. நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினப்புறம் என் பொண்டாட்டி எனக்குப் பொண்டாட்டின்னு சீல் விழுந்துச்சு, அன்னிக்கு சாயங்காலம் அவ கேசரி கிளறினா.

அதோட விடலை. அந்த சர்டிஃபிகேட்டை இங்க வெளியுறவுத்துறை அட்டெஸ்டேஷன், அதுக்கு மேல தாய் கான்சுலேட் முத்திரை, அங்க போய் தாய் மொழியில ட்ரான்ஸ்லேஷன், அதுக்கு அவங்க வெளியுறவுத்துறை முத்திரைன்னு நாலு கதவு. சர்டிஃபிகேட்ல பேர் எழுதினது ஒரு மாதிரி பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி இருந்துச்சுன்னா நாலாவது கதவுல நின்னு முதல் கதவுக்குத் திரும்ப வரணும், அதுவும் ஃப்ளைட் ஏறி. நான் பதிவு பண்ணும்போதே பாஸ்போர்ட் காப்பியை நீட்டி ஒவ்வொரு எழுத்தா பாத்து எழுத வச்சேன், பின்னால நின்ன கல்யாண ஜோடி என்னைத் திட்டினது காதுல விழத்தான் செஞ்சுச்சு.

அங்க இமிகிரேஷன் ஆபீஸ் பத்தி எனக்குப் பெரிய குறை கிடையாது. ஆபீஸுக்கு ஆபீஸ் ஒரு பழக்கம், ஒரு இடத்துல வீட்டுக்கு வழி காட்ட மேப் கையால வரையச் சொல்வாங்க, ஒரு இடத்துல வாசல்ல நின்னு எடுத்த போட்டோ கேப்பாங்க. பேங்க் லெட்டர் புதுசா இருக்கணும், எங்க ஆபீஸ்ல அன்னிக்கு காலைல வாங்கினதுதான் செல்லும், பாஸ்புக்கையும் அன்னிக்கே நூறு பாட் போட்டு என்ட்ரி போட்டுட்டு வரணும். எல்லா ஜெராக்ஸ்லயும் கையெழுத்து. எக்ஸ்டென்ஷன் வந்தாச்சேன்னு பணத்துல கை வைக்க முடியாது, மூணு மாசம் அந்த 8 லட்சம் அப்படியே கிடக்கணும், அதுக்கப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழ இறங்கக் கூடாது, 2019லேர்ந்து இந்த ரூல். ஆக அது நம்ம பேர்ல இருக்கற பணம், நம்ம பணம்னு நினைச்சுக்கக் கூடாது. 90 நாளைக்கு ஒரு தடவை இன்ன அட்ரஸ்லதான் இருக்கேன்னு சொல்லணும், 15 நாள் முன்னாடியே சொல்லலாம், 7 நாள் லேட்டானாலும் பரவாயில்லை, அதையும் தாண்டினா 2,000 பாட் ஃபைன். வீட்டம்மா தினசரி காலண்டர்ல அந்தத் தேதியை மஞ்சளால சுழிச்சு வச்சிருக்கா, ஏகாதசி பிரதோஷத்தோட அதுவும் ஒரு விசேஷம் எங்க வீட்டுல.

ஆனா ரீ என்ட்ரி பர்மிட்டை மட்டும் உங்க கட்டுரையில விட்டது எனக்கு மனசு கேக்கலை. எக்ஸ்டென்ஷன் கையில இருக்கும்போது அந்த பர்மிட் வாங்காம நாட்டை விட்டு வெளிய கால் வச்சா எக்ஸ்டென்ஷன் அன்னிக்கே காலி. ஒரு தடவைக்கு 1,000 பாட், எத்தனை தடவை வேணா போய்ட்டு வரலாம்னா 3,800. எங்க பக்கத்துல ஒரு கோயம்புத்தூர்க்காரர் இருந்தார், அண்ணன் தவறிட்டார்னு ராத்திரி போன் வந்து கட்டின துணியோட ஏர்போர்ட்டுக்கு ஓடினார். பாங்காக் ஏர்போர்ட்லயே கவுன்டர் இருக்கு, அங்கயே வாங்கியிருக்கலாம், அந்த நேரத்துல யாருக்கு அது ஞாபகம் வரும்? காரியம் எல்லாம் முடிச்சு திரும்பி வந்தா எக்ஸ்டென்ஷன் இல்லை, திரும்ப முதல்லேர்ந்து, 90 நாள் விசா, ரெண்டு மாசம் பணம், எல்லாம். மனுஷன் ஒரு மாசம் யார்கிட்டயும் பேசலை. அதுலேர்ந்து நாங்க எக்ஸ்டென்ஷன் வாங்கற அன்னிக்கே 3,800 கட்டிட்டுத்தான் வெளிய வர்றது, போனாலும் சரி போகாட்டாலும் சரி.

நவம்பர் மாசம் பென்ஷனுக்கு உயிரோட இருக்கேன்னு சர்டிஃபிகேட் குடுக்கறது இருக்கே, அது மொபைல்ல முகத்தைக் காட்டினா போதும்னு 2021லேர்ந்து வந்திருக்கு, நிஜமாவே நல்ல விஷயம், அங்கேர்ந்தே ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. ஆனா அதுக்கும் ஓடிபி இந்திய நம்பருக்குத்தான் வரும். ரீசார்ஜ் தீர்ந்து போய் சிம் செத்துடுச்சுன்னா நீங்களும் கணக்குல செத்த மாதிரிதான். ரோமிங் போட்டு அந்த சிம்மை உயிரோட வைங்க.

ஐயா, உங்க கட்டுரையைப் படிச்சிட்டு எங்க தெருவுலயே ரெண்டு பேர் வந்து என்கிட்ட விசாரிச்சிட்டாங்க, ரெண்டு பேரும் கேட்டது வாடகை எவ்வளவு, சாம்பார் பொடி கிடைக்குமா. கிடைக்கும். நான் திருப்பிக் கேட்டேன், உங்க பாஸ்போர்ட், பான், பேங்க் பாஸ்புக், ஆதார் நாலையும் எடுத்து மேஜையில வைங்க, நாலுலயும் ஒரே பேரா இருக்கான்னு. ஒருத்தருக்கு மூணு விதம், இன்னொருத்தர் வீட்டம்மா பாஸ்போர்ட்ல சர்நேமே இல்லை. கல்யாண சர்டிஃபிகேட் ரெண்டு வீட்டுலயும் இல்லை. அதனால அடுத்த தடவை எழுதும்போது பாட் கணக்கோட இதையும் போடுங்க. பதிவு ஆபீஸ்ல பழைய கல்யாணங்களைப் பதியும்போது பாஸ்போர்ட்ல உள்ள மாதிரி பேரை விரிச்சு எழுதவும், கூப்பிடற பேர் இருந்தா அதையும் பக்கத்துல குறிக்கவும் ஒரு கட்டம் ஃபார்ம்லயே வச்சா, ஆள் ஆளுக்கு ஒண்ணு சொல்ற வேலை இருக்காது, அதையும் அரசாங்கத்துக்கு எட்டற மாதிரி எழுதினீங்கன்னா புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர்,
நங்கநல்லூர், சென்னை.

பி.கு.: அந்த பீச் போட்டோ தாய்லாந்து மாதிரி தெரியலைங்க. ஆபரேஷன் ஆன கண்ணால வீட்டம்மா பேப்பரை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு இது நம்ம கோவளம்னு சத்தியம் பண்றா.